நற்சிந்தையும் நற்கடைப்பிடியும்

எண்வழியை நாம் நாள்தோறும் வாயினால் ஒப்பிக்கின்றோம். அதன் வரிசையைச் சற்று நின்று நோக்கினோமா? நற்சிந்தை இரண்டாவது. நல்லூக்கம் ஆறாவது, நற்கடைப்பிடி ஏழாவது. நினைத்த மாத்திரத்தில் காரியம் முடிந்துவிடுமாயின், வழியும் இரண்டாம் படியோடு நின்றிருக்கும். கடைப்பிடி என்னும் பழஞ்சொல்லுக்குக் கொண்ட பொருளை மறவாமை என்பது உரைகாரர் கூறும் பொருள். அதனை அவர்கள் ஆடவர் குணங்கள் நான்கில் ஒன்றாக வைத்தனர். நம் வீட்டுப் பெண்டிரிடத்தன்றோ அக்குணம் மிகுதி என்பது நாம் கண்ட அனுபவம், அது நிற்க.

அத்திபெலே ஆனேக்கல் வட்டத்தில், தமிழகத்தின் எல்லையை ஒட்டியுள்ள ஊர். தீபாவளி நெருங்கினால் பெங்களூர் மக்கள் பட்டாசு வாங்க இங்கும் ஓசூர்ப் பக்கமும் திரள்வர். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் பிற்பகல், வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த வேளையில் ஒரு பட்டாசுக் கடை தீப்பற்றியது. அன்றே 14 பேர் மாண்டனர். பின்னர் மருத்துவமனையிலும் சிலர் இறந்தனர். பெரும்பாலோர் தமிழகத்து இளைஞர். படித்துக்கொண்டே பண்டிகைக் காலக் கூலிக்காக வந்த பிள்ளைகளும் அவருள் இருந்தனர்.

விதி இல்லாமையாலா இது நேர்ந்தது? அன்று. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமம் வேண்டும் என்கின்றன. உரிமத்திற் கண்ட அளவுக்கு மேல் இருப்பு வைக்கலாகாது என்கின்றன. அவற்றை எழுதியவரின் சிந்தை நற்சிந்தையே. எனினும் மறுநாள் வந்து பார்த்த முதலமைச்சர் சித்தராமையா, முன்னெச்சரிக்கை எடுக்கப்படவில்லை என்றே கூற நேர்ந்தது.

இதற்குச் சரியாக 70 நாட்களுக்கு முன், ஜூலை 29ஆம் நாள், இதே நெடுஞ்சாலையில் உள்ள கிருஷ்ணகிரியில் பட்டாசுக் கிடங்கில் நிகழ்ந்த வெடிப்பில் ஒன்பது பேர் இறந்திருந்தனர். அச்செய்தியை நாமும் தேநீர்க்கடையில் நாளிதழ் விரித்துப் படித்தோம். "நம் ஊர்க் கடைகளைப் பற்றி யாரேனும் ஒரு மனு கொடுக்கவேண்டும்" என்று நாமே சொன்னோம். உடனிருந்தோர் தலையசைத்தனர். யாரேனும் என்னும் பெயருடையவர் இவ்வூரில் ஒருவரும் இலர். மனு எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் அப்பிள்ளைகள் பிழைத்திருப்பர் என்று நாம் சொல்லத் துணியோம். எழுதவில்லை என்பதை மட்டும் மறைக்க மாட்டோம்.

எண்ணம் நிறைவேறிய இடமும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டபின், தமிழகத்துப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி அரசு ஆணையிட்டது. கூரைகள் அகற்றப்பட்டன. இங்கு மட்டும் எண்ணம் எவ்வாறு செயலாயிற்று? நாம் கருதுவது இது: கூரை கண்ணுக்குத் தெரியும். பிரித்தார்களா, இல்லையா என்பதை வழிப்போக்கனும் சொல்லக்கூடும். "பாதுகாப்பாக இருங்கள்" என்பதை எவரால் எண்ணிப் பார்க்க இயலும்? கிடங்கின் கதவுக்குள் கிடக்கும் பெட்டிகளை ஒருவர் குறித்த நாளில் சென்று எண்ணினாலன்றி, அந்நல்ல எண்ணம் காகிதத்திலேயே உறங்கும்.

நாம் பஞ்சாலையில் வேலை செய்த காலத்தில், பஞ்சு பிரிக்கும் அறையில் சிவப்புச் சாயம் பூசிய மணல்வாளிகள் தொங்கின. அவற்றில் பாதி வெறுமை. மீதியில் வெற்றிலை எச்சில். "நாளை நிரப்புவோம்" என்று நாம் எத்தனை முறை எண்ணினோம் என்பதற்குக் கணக்கில்லை. ஓரிரவு எந்திரத்தில் தீப்பொறி பறந்து பஞ்சுத்தூசி பற்றிக்கொண்டது. வாளியை எடுத்து வீசினோம், காற்றுத்தான் வீசியது. சாக்கினால் அடித்து அணைத்ததில் உடன் வேலை செய்தவரின் இரு கைகளும் வெந்தன. நம் கை வேகவில்லை.

மறுவாரம் மேஸ்திரி ஒவ்வொரு வாளிக்கும் எண்ணிட்டு, எண்ணுக்கு நேரே ஓர் ஆளின் பெயரைச் சுவரில் எழுதினார். திங்கட்கிழமை காலை, சங்கு ஊதுமுன் அவரவர் வாளியை அவரவர் பார்க்கவேண்டும். நமக்கு வந்தது ஏழாம் எண். ஆலை மூடப்பட்ட நாள்வரை அதில் மணல் குறைந்ததில்லை.