கையெழுத்து வைக்க முன்

அன்பின் மருமகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பிலிமத்தலாவையில் பித்தளைக் கடைக்கு மேல்மாடி, கண்டி வீதியைப் பார்த்த ஜன்னல், பஸ் தரிப்பிடமும் கிட்ட. இடம் பிழையில்லை. என் யோசனை எல்லாம் உன் திட்டத்தைப் பற்றித்தான்.

கொழும்புக் கோட்டையில் இருக்கும் 'ஹேட்ச்' போல ஒரு பகிர்வுப் பணியிடம் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அங்கே வருகிறவனிடம் வேலை ஏற்கெனவே இருக்கிறது. மேசையும் வைஃபையும் கொடுத்தால் போதும். நம் ஊரில் பேராதனையில் பட்டம் முடித்த பிள்ளைக்கு வேலைதான் முதலில் வேண்டும். வேலை இல்லாதவள் உன் மேசைக்கு எங்கிருந்து வாடகை தருவாள்?

கொத்மலை சமூக வானொலியை உனக்குத் தெரிந்திருக்காது. 1990களின் கடைசியில், இங்கே வீடுகளில் கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில், யுனெஸ்கோ உதவியோடு அந்த நிலையத்துக்கு இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை அவர்களுக்கு விளங்கும்படி வானொலியில் சொல்வார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். அங்கே பெறுமதியானது இணைய இணைப்பா, தேடிச் சொன்ன அந்த ஆளா? பிறகு அரசாங்கம் ஊரூராகத் திறந்த நெனசல அறிவகங்களைப் பற்றிக் கேட்டாலும் ஆள்தான் முக்கியம் என்றே நான் சொல்வேன்.

நீ அந்த ஆளாக இருக்க வேண்டும். கீழே குத்துவிளக்கு விற்கிறவரையே எடு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் விலை கேட்டால், விளக்கின் உயரம், நிறை, பொதி செய்யும் செலவு, அனுப்பும் கூலி எல்லாம் அன்றைக்கே எழுதிப் போக வேண்டும். அவருக்கு விலை மனக்கணக்கில் இருக்கிறது, எழுத நேரமில்லை. ஊரில் கணக்கியல் படித்த பிள்ளை சும்மா இருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதுதான் உன் தொழில். வாடகை அதற்குப் பிறகு தானாக வரும்.

பெயர்ப்பலகையில் ஆங்கிலம் மட்டும் போடாதே. 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி நம் ஊரில்தான் இருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வளவில் படிக்கிறார்கள். உன் இடத்திலும் இரண்டும் கேட்கட்டும். பொம்பிளைப் பிள்ளைகள் இருட்ட முன் வீடு போக வேண்டும், ஆகவே காலையிலேயே திற. அவர்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போனதை மறந்துவிடாதே. அலங்கார விளக்குக்கு வைத்திருக்கும் காசில் நல்ல பற்றரி வாங்கு. கோப்பி மெஷின் இப்போதைக்கு வேண்டாம், பக்கத்துக் கடைப் பிளேன்ரீ இருக்கிறது.

கட்டடக்காரர் இரண்டு வருட முற்பணம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதே. ஆறு மாதம் என்று பேசு. ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். அதற்குள் ஒரு நல்ல மழை பெய்தால் போய்க் கூரையைப் பார்த்து வை.

அன்புடன்,
மாமா