எழுவான்கரை, படுவான்கரை: சூழல்நேயத்தை ஒப்பிடுதல்

"இரு பிரதேசங்களின் சூழல்நேயத் தன்மையை ஒப்பிடுக" என வினா வந்தால், மாணவர்களிற் பலர் தொழிற்சாலைகளையும் வாகனங்களையும் எண்ணத் தொடங்குவர். அவை குறைந்த கிராமமே சூழல்நேயமானது என எழுதி முடித்தும் விடுவர். அவ்வாறு எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது. கழிவு எங்கே போகிறது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளை எடுத்துக்கொள்வோம். எழுவான்கரையில் உள்ள களுதாவளை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்தது. வெற்றிலை, மிளகாய், கத்தரி முதலியன இங்கு கிணற்று நீரால் செய்கைபண்ணப்படுகின்றன. மணல் நீரைப் பிடித்துவைக்காது. ஆகவே அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சும் நீரோடு யூரியாவிலிருந்து உருவாகும் நைத்திரேற்றும் கீழிறங்கும். நைத்திரேற்று அயன் மறையேற்றமுடையது; மண் துணிக்கைகளும் பெரும்பாலும் மறையேற்றமுடையவை. எனவே அது மண்ணில் ஒட்டாமல் தரைக்கீழ் நீரைச் சென்றடையும். அந்த நீரையே குடிக்கவும் அள்ளுகிறோம் என்பதுதான் சிக்கல்.

குடிநீரில் லீற்றருக்கு 50 மி.கி. நைத்திரேற்று என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் எல்லை. இதற்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்கவைத்தாலும் நீங்காது, நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். இத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கலாம். "நீலக்குழந்தை நோய்" என்பது இதுவே.

படுவான்கரையில் நெற்செய்கையே பிரதானம். வயலின் களிமண் நீரைத் தேக்கி வைப்பதால் கீழ்நோக்கிய வடிதல் குறைவு. ஆனால் வடகீழ்ப் பருவமழையின்போது வயல் நீர் பொசுபேற்று, களைநாசினி ஆகியவற்றுடன் வாவியை அடையலாம். போசணை மிகுந்தால் அல்காக்கள் பெருகும். அவை இறந்து பிரிகையடையும்போது ஒட்சிசன் குறைந்து மீன்கள் பாதிக்கப்படும். இது நற்போசணையாக்கம் எனப்படும். அங்கு இட்ட பசளையின் விளைவை இரு கரை மீனவரும் அனுபவிப்பர்.

ஆகவே குடிநீரை அளவுகோலாகக் கொண்டால் எழுவான்கரையில் ஆபத்து அதிகம். வாவியை அளவுகோலாகக் கொண்டால் படுவான்கரையைக் கவனிக்க வேண்டும். அளவுகோலைக் குறிப்பிடாத ஒப்பீடு ஒப்பீடே அல்ல. கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்திலும் யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் பாறையிலும் நைத்திரேற்றுப் பிரச்சினை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. மண்ணும் பாறையும் வேறு, விளைவு ஒன்று.

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இதை உதாரணமாக எழுதுவோர் கவனிக்க: பசளை கிடைக்காமையும் சூழல்நேயமும் ஒன்றல்ல. விளைச்சல் வீழ்ந்தால் விவசாயி அம்முறையைத் தொடரமாட்டார். மணல் நிலத்துக்குப் பொருத்தமானது, கூட்டெரு இட்டு மண்ணின் நீர்ப்பிடிப்பை உயர்த்துவதும், யூரியாவைச் சிறுசிறு அளவுகளாகப் பிரித்து இடுவதுமாகும்.

பயிற்சி வினாக்கள்
1. களுதாவளை போன்ற மணற்பாங்கான நிலத்தில் நைத்திரேற்று கிணற்றை அடையும் விதத்தை விளக்குக.
2. உமது வீட்டுக் கிணற்றுக்கும் அண்மையிலுள்ள தோட்டம், மலசலகூடக் குழி ஆகியவற்றுக்கும் இடையிலான தூரங்களை அளந்து பரும்படிப் படத்தில் குறிக்க.