ரெட்டிபாளையமும் தளவாயும் ஒரே கணக்கில் வருவது எப்படி?

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் இருப்பது அல்ட்ராடெக் சிமெண்ட் ஆலை. அதே மாவட்டத்துத் தளவாயில் இருப்பது இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை. 2024 டிசம்பர் 24 முதல் இந்தியா சிமெண்ட்ஸ், அல்ட்ராடெக்கின் துணை நிறுவனம். இரண்டும் தனித்தனியே கணக்கு எழுதினாலும், கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 129(3)இன்படி தாய் நிறுவனம் ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கையும் தயாரிக்க வேண்டும். சர்வதேசத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 10ஐ ஒட்டிய இந்தியக் கணக்குத் தரம் இண்ட் ஏஎஸ் 110 அதற்கான விதி.

முதலில், கட்டுப்பாடு கைக்கு வந்த தேதியை உறுதிசெய்ய வேண்டும். 2024 நடுவில் அல்ட்ராடெக் வாங்கிய 22.77 சதவீதப் பங்கு கட்டுப்பாட்டைத் தரவில்லை. டிசம்பரில் மேலும் 32.72 சதவீதம் சேர்ந்து 55.49 ஆனதும் நிலை மாறியது. 2024-25 கணக்கில் இந்தியா சிமெண்ட்ஸின் விற்பனையும் செலவும் அந்தத் தேதியிலிருந்து மட்டுமே சேரும். ஆண்டு நடுவே அந்த நாளுக்கு ஏடுகளை முடித்து, சரக்கிருப்பையும் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

அடுத்து வரும் நியாய மதிப்பீடுதான் மிகக் கடினம். முன்பே வாங்கிய 22.77 சதவீதத்தையும் அன்றைய மதிப்புக்குத் திருத்த வேண்டும். நிலம், இயந்திரம், பிராண்ட், நிலுவை வழக்குகள் என ஒவ்வொன்றுக்கும் விலை காண வேண்டும். சுரங்கத்தில் எத்தனை டன் சுண்ணாம்புக்கல் மிச்சம், குத்தகை எத்தனை ஆண்டு என்பதைக் கணக்காளர் மட்டும் சொல்லிவிட முடியாது. புவியியலாளரின் அறிக்கை வேண்டும். மதிப்பு உயர்ந்தால் ஒத்திவைத்த வரிப் பொறுப்பும் எழும். கொடுத்த விலையில் எஞ்சுவதே குட்வில். இவற்றை முடிக்க 12 மாதம் வரை அவகாசம் உண்டு. அதுவரை தற்காலிக மதிப்பு என்று குறிப்பிட வேண்டும்.

கணக்குக் கொள்கைகளை ஒன்றாக்கிய பிறகு உள்வணிகத்தை நீக்கலாம். உதாரணமாக, 80 லட்ச ரூபாய் அடக்கமுள்ள கிளிங்கரை ஒரு நிறுவனம் மற்றதற்கு 100 லட்சத்துக்கு விற்று, அதில் 40 சதவீதம் ஆண்டிறுதியில் கிடங்கில் இருந்தால், விற்பனை 100 லட்சத்தையும் இருப்பிலுள்ள 8 லட்ச லாபத்தையும் கழிக்க வேண்டும். இரு ஏடுகளின் நிலுவையும் மாதந்தோறும் ஒத்துப்பார்த்தால் மார்ச் நெருக்கடி குறையும்.

இதே ஒருங்கிணைந்த கணக்கில் சேரும் அல்ட்ராடெக் சிமெண்ட் லங்கா போன்ற வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் சொத்து, கடன்களை ஆண்டிறுதி நாணய விகிதத்திலும், வரவு செலவுகளைப் பரிவர்த்தனை நாள் அல்லது சராசரி விகிதத்திலும் மாற்ற வேண்டும்.

கடைசியாக வெளிப் பங்குதாரர் பங்கு: கையகப்படுத்திய அன்று அது 44.51 சதவீதம். பின்னர் ஓபன் ஆஃபரில் அல்ட்ராடெக் மேலும் 26 சதவீதம் வாங்கியதும், 2025 ஆகஸ்டில் தன் பங்கை 81.49இலிருந்து 75 சதவீதமாகக் குறைத்ததும் கட்டுப்பாட்டை மாற்றவில்லை. எனவே அவற்றில் கொடுத்த அல்லது பெற்ற விலைக்கும் வெளிப் பங்குதாரர் பங்கில் வந்த மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் உரிமையாளர் நிதிப் (ஈக்விட்டி) பகுதியிலேயே நிற்கும்; லாப நட்டக் கணக்குக்கோ குட்விலுக்கோ போகாது.