ரீயூனியன்: தீமிதி இருக்கு, மொழி எங்கே?

தீவுக்குச் சுற்றுலா என்றதும் லங்காவி, பாலி, மாலத்தீவு என்றுதான் நம் வாயில் வரும். இந்த மாதப் பாடத்தில் நாம் போகப் போவது இன்னும் தூரம்: இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு. அங்கேயும் மாரியம்மன் இருக்கிறாள், தீமிதி இருக்கிறது, காவடி இருக்கிறது. ஆனால் காவடி எடுக்கும் இளைஞனிடம் தமிழில் பேசினால், பெரும்பாலும் சிரித்துவிட்டு பிரெஞ்சில்தான் பதில் சொல்வான். ஏன் அப்படி? அதுதான் இன்றைய பாடம்.

எங்கே இருக்கு?

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர். மொரீஷியஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் குறைவு. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்பது லட்சம். தலைநகர் சேன் தெனி.

இது தனி நாடு இல்லை. 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். பாரிஸிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய 11 மணி நேரம் பறந்தாலும் நீங்கள் பிரான்ஸிலேயேதான் இறங்குகிறீர்கள். கையில் யூரோ காசு, கடையில் பிரெஞ்சு ரொட்டி, வீட்டுப் பேச்சில் கிரியோல்.

தீவே எரிமலையால் உண்டானது. உயரமான சிகரம் பித்தோன் தெ நேஜ், 3,070 மீட்டர், அது அடங்கிவிட்டது. பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்னும் அடங்கவில்லை, உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. நடுவில் மஃபாத், சலாஸி, சிலாவோஸ் என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். மஃபாத்துக்குக் கார் ரோடே கிடையாது. நடந்து போகணும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். இந்த மலைப்பகுதியை 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மழையிலும் சாதனை உண்டு: 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது.

போக நினைப்பவர்களுக்கு

மலை ஏற நல்ல காலம் மே முதல் நவம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் புயல் காலம். நேரம் நமக்கு நான்கு மணி பின்னால். ரீயூனியன் ஷெங்கன் பகுதியில் சேராது. அதனால் விசா விதியைத் தனியாகப் பாருங்கள். கடலைப் பார்த்ததும் குதித்துவிடாதீர்கள்: சுறாத் தாக்குதல்கள் காரணமாக 2013 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. பவளப்பாறை காக்கும் ஆழமில்லாத கடலிலும், காவலர் இருக்கும் இடங்களிலும் மட்டும் குளியுங்கள்.

நம்ம ஆளுங்க எப்படிப் போனாங்க?

1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமைமுறை ஒழிந்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். அந்த நாள் இன்றும் அங்கே பொது விடுமுறை. ஆனால் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஐந்து வருட ஒப்பந்தம். நம் ஊரில் சஞ்சிக்கூலி என்று தாத்தா பாட்டி சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கதை. சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் 'மல்பார்'. இன்றைக்கும் அதே பெயர்தான். தொழிலாளர்கள் மோசமாக நடத்தப்பட்டதால் 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

பிரான்ஸில் மக்களை இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனாலும் இன்று தீவு மக்களில் நாலில் ஒரு பங்கு இந்திய வம்சாவளியினர் என்று மதிப்பிடுகிறார்கள்.

எது நின்றது, எது போனது?

தெய்வம் நின்றது. தோட்டத்து ஓரத்தில் சின்னக் கோயில்களாகத் தொடங்கி, இன்று சேன் ஆந்த்ரே, சேன் தெனி போன்ற ஊர்களில் கோபுரத்தோடு கோயில்கள் நிற்கின்றன. தீமிதி பாஞ்சாலிக்கு உரியது. அவர்கள் வாயில் அவள் 'பந்தியாலே'. அதற்கு முன் 18 நாள் விரதம். அந்த விரதத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'கரேம்'. அது கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கான பிரெஞ்சுச் சொல்! பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கும் வந்த குடும்பங்கள் நிறைய. தெருக்கூத்தும் அங்கே பிழைத்தது. அதை நடத்தும் வாத்தியாருக்கு அங்கே 'வர்த்தியால்' என்று பெயர்.

சாப்பாடும் நின்றது. கறி அங்கே 'காரி', கொத்துமல்லி 'கொத்தோமிலி', மசாலா 'மசாலே'.

ஆனால் பேச்சு போய்விட்டது. ஏன் போனது? அவர்களுக்குப் பற்று குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். பற்று இல்லாதவன் 18 நாள் விரதம் இருந்து நெருப்பில் இறங்குவானா? காரணம் வேறு. 1882-க்குப் பிறகு புதிய ஆட்கள் வரவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க பிரெஞ்சு. வீட்டிலும் தெருவிலும் கிரியோல். பிள்ளை தமிழில் எழுதப் படிக்க ஓர் இடமும் இல்லை.

இப்போது நம் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலாயாவுக்குத் தொழிலாளர் வருவது 1938 வரை நீடித்தது. ரஜூலா கப்பல் 1970-கள் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடியது. மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகள் பல ஆட்டுக்கொட்டகை மாதிரிதான் இருந்தன. இருந்தாலும் அங்கே 'அ, ஆ' சொல்லிக் கொடுத்தார்கள். மலேசியாவில் இன்றுள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் வேர் அங்கேதான். அதாவது, நாம் தமிழ் பேசுவது நம் கெட்டிக்காரத்தனம் மட்டுமல்ல. பள்ளிக்கூடம் இருந்ததால் பேசுகிறோம்.

ரீயூனியன் இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. அங்கே சங்கங்கள் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. தாத்தாவுக்கே தெரியாத எழுத்தை, வேலை முடிந்து வந்து பேரன் கற்கிறான். தீபாவளிக்கு அரசு விடுமுறை கிடையாது. ஆனாலும் சேன் ஆந்த்ரேயில் ஊர் திரண்டு கொண்டாடுகிறது. போனதைத் தேடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். கையில் இருப்பதைக் காப்பது அதைவிடச் சுலபம். அந்தச் சுலபமான வேலைதான் நமக்கு வாய்த்திருக்கிறது. அதையும் செய்யாமல் விட்டால் என்ன சொல்வது?

கலந்துரையாட:

1. மொழி போன பிறகும் வழிபாடு எப்படி நிற்கிறது? பொருள் தெரியாமல் பாடும் பாட்டில் எது மிஞ்சும், எது மிஞ்சாது?
2. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத பத்துத் தமிழ்ச் சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள்.
3. உங்கள் வட்டாரத்தில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத ஒரு பிள்ளைக்கு, வாரம் ஒரு மணி நேரம் யார் சொல்லிக் கொடுக்க முடியும்? இன்றைய கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.