குடிநோய்க்கு மருந்து உண்டு, சங்கிலி வேண்டாம்

வாலிநோக்கத்தில் உப்பளத்துக்கோ கடலுக்கோ போய்வரும் ஒருவர் குடியை விட முடியாமல் தவிக்கிறார் என்று வையுங்கள். சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை, “எங்கேயாவது கொண்டுபோய் அடைச்சுப் போடுங்க” என்பதாகத்தான் இருக்கும்.

அடைத்து வைத்தால் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்து ஏர்வாடியே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட வழியின்றி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பாதிப்பையும் மனநலப் பிரச்சினையாகவே கொள்கிறது. சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடுக்கிறது.

‘சிகிச்சை என்றால் சென்னைக்குத்தான் போகவேண்டும்’ என்பது அடுத்த நம்பிக்கை. இதைச் சென்னை மருத்துவமனை ஒன்றே பொய்யாக்கியது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் அங்கே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏழைக் கிராமத்தவர் அவ்வளவு தூரம் வந்து தங்க முடியாது என்பதால், 1989இல் சிகிச்சையே ஊருக்குப் போனது. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 15 நாள் முகாம். இடத்துக்கும் உணவுக்கும் உள்ளூரார் பொறுப்பேற்றார்கள். மருத்துவம், ஆலோசனை, குழுப் பேச்சு எல்லாம் அங்கேயே நடந்தன. மனைவிமாருக்கும் தனியாக வழிகாட்டினார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர் கவனிப்பு இருந்தது. குடியை விட்டவர் திரும்பி வாழப்போவது அதே தெருவில், அதே சொந்தபந்தங்களுக்கு நடுவில்தான் என்பதால், ஊரும் சேர்ந்து நின்றது பெரிய பலம்.

கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வது மனவுறுதிக்கு உதவலாம். ஆனால் பல ஆண்டுகளாக அன்றாடம் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்கு நினைவு குழம்பும். இல்லாத உருவங்கள் தெரியும், பிதற்றுவார்கள். ‘பேய் பிடிச்சிருச்சு’ என்று வீட்டார் பூசாரியைத் தேடும் அந்த நேரம் உயிருக்கே ஆபத்தானது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்தும் தயமின் ஊசியும் காப்பாற்றும்.

தெரியாமல் சோற்றில் மாத்திரை கலப்பது அதைவிட மோசம். டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கையில் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரியும். இதயமே நின்றுபோன சம்பவங்களும் உண்டு. நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கவேண்டிய மருந்து அது.

மறுபடி குடித்துவிட்டால் ‘வைத்தியம் வீண்’ என்று கைவிடுவதும் தவறு. சர்க்கரை நோய் போல இதுவும் நீண்டகால நோய். திரும்ப வரும், திரும்ப வைத்தியம் பார்க்கலாம்.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஓர் உதவி கிடைத்திருக்கிறது என்றது 2019இல் வெளியான தேசிய ஆய்வு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால், போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை.