அலைகளும் காப்புரிமையும்

இராமேசுவரத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் கடலுக்குச் செல்லும் மீனவர்க்குக் கம்பியில்லாக் கருவி உயிர்த்துணையாகும். புயல் எச்சரிக்கையைக் கேட்கவும், படகு பழுதானால் உதவி கோரவும் அது பயன்படுகிறது. அதன் விலையை முடிவுசெய்யும் காரணங்களுள் காப்புரிமையும் ஒன்று. இத்தகைய தொழில்நுட்பத்திற்குக் காப்புரிமை வழங்குவது முறையா?

உரிமையும் காலமும்

காப்புரிமை ஓர் உடன்படிக்கை போன்றது. கண்டுபிடிப்பாளர் தம் வழிமுறையை முழுமையாக வெளியிடுகிறார். அரசு அவருக்கு 20 ஆண்டுகள் தனியுரிமை அளிக்கிறது. அதன்பின் அது அனைவருக்கும் உரியது.

1895இல் கொல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தவர் ஜகதீச சந்திர போஸ். அறிவை விற்க அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோதும் அதனால் பொருளீட்ட முனையவில்லை.

ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் வேறு வழியில் சென்றது. அறைக்குள் அலைகள் சுவர்களில் பட்டு எதிரொலித்துத் தகவலைக் குழப்புவதைத் தவிர்க்கும் முறைக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அருகலைக் கருவி நிறுவனங்களோடு நெடுங்காலம் வழக்காடி 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டியது. அதில் ஒரு பகுதி மீண்டும் ஆராய்ச்சிக்கே சென்றது.

எல்லை எங்கே?

அறிவியல் கோட்பாடு, கணித முறை, வெறும் கணினி நிரல் ஆகியவற்றிற்கு இந்தியக் காப்புரிமைச் சட்டம் (1970) உரிமை தருவதில்லை. அலை எவருக்கும் சொந்தமன்று. அதனைப் பயன்கொள்ளும் புதிய கருவிக்கே உரிமை கிட்டும்.

எனினும் சிக்கல் ஒன்றுண்டு. ஒரு நிறுவனத்தின் கருவி அந்நிறுவனக் கருவிகளோடு மட்டுமே பேசுமாயின், நடுக்கடலில் அதனால் பயனில்லை. எனவே எல்லாக் கருவிகளுக்கும் பொதுத் தரநிலை வேண்டும். காப்புரிமை பெற்ற முறை அத்தரநிலையில் இடம்பெற்றுவிட்டால், எந்த உற்பத்தியாளரும் அதனைத் தவிர்க்க இயலாது. உரிமையாளர் கேட்பதே விலையாகிவிடும். ஆதலால், நியாயமான, பாகுபாடற்ற கட்டணத்தில் உரிமம் வழங்குவதாக அவர் உறுதியளிக்க வேண்டும் என்று தரநிலை அமைப்புகள் எதிர்பார்க்கின்றன. நியாயமான கட்டணம் எது என்பதே 2013இல் மைக்ரோமேக்ஸ் மீது எரிக்சன் தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் எழுந்த பூசல். பொதுமக்களின் நியாயமான தேவை நிறைவேறாதபோது கட்டாய உரிமம் வழங்கவும் நம் சட்டத்தின் 84ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆகவே, காப்புரிமை வேண்டும். அதற்கு எல்லையும் வேண்டும். சிஎஸ்ஐஆர்ஓவின் அக்காப்புரிமை 2013இல் முடிவுற்றது. பாம்பன் மாணவர் ஒருவர் இன்று அம்முறையைக் கற்று, கடலுக்கு ஏற்ற கருவி செய்யத் தடையில்லை. அதில் அவர் புதுமை காண்பாராயின், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம்.