கண் காணா ஒளியால் உடலினுள் காணல்

முன்னுரை

மனிதனின் ஐம்புலன்களுள் கண்ணுக்கு முதலிடம் கொடுப்பது எமது மரபு. அருமைக் குழந்தையை நாம் "கண்ணே" என்றுதான் அழைக்கின்றோம். ஆயினும், அக்கண் காணவல்ல ஒளியானது இயற்கையில் உள்ள கதிர்களுள் மிகச் சிறியதொரு பகுதியே ஆகும். ஊதா முதல் சிவப்பு வரை, ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீற்றர் வரையான அலைநீளமுடைய ஒளியை மட்டுமே நாம் காண்கின்றோம். ஒரு நானோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

சிவப்புக்கு அடுத்து, கண்ணின் எல்லைக்குச் சற்று அப்பால் உள்ள ஒளியை அண்மை அகச்சிவப்பு ஒளி என்பர். இலங்கைப் பாடநூல்களிற் கற்ற பெற்றோர் இவ்வினக் கதிர்களைச் செந்நிறக்கீழ்க் கதிர்கள் என்ற பெயரால் அறிந்திருப்பர். இன்று உயிர்மருத்துவ ஆய்வுகூடங்களில் புரதங்களை அளப்பதற்கும், உயிருள்ள உடலைக் கீறாமலே அதனுள் நடப்பதைப் பார்ப்பதற்கும் இவ்வொளி பயன்படுகின்றது. அது எவ்வாறு இயலுகின்றது என்பதை எமது மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து கற்கும் வகையில் இங்கு நோக்குவோம்.

1. தந்தையும் மைந்தனும்

1781ஆம் ஆண்டில் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹேர்ஷெல். அவரே 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மற்றுமோர் அரிய உண்மையையும் கண்டார். சூரிய ஒளியை அரியம் ஒன்றின் ஊடாகச் செலுத்தி, பிரிந்த நிறங்களில் வெப்பமானிகளை வைத்து அவற்றின் சூட்டை அளந்தார். சிவப்புக்கு அப்பால், நிறம் எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி சிவப்பில் வைத்ததை விடவும் உயர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அங்கே இருப்பதை உலகம் இவ்வாறு அறிந்தது.

அவருடைய மைந்தர் ஜோன் ஹேர்ஷெல் 1845ஆம் ஆண்டில் வேறொரு புதுமையை விவரித்தார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவின் கரைசல் தண்ணீரைப் போல நிறமற்றது. ஆனால் சூரிய ஒளியில் அதன் மேற்பரப்பு நீலமாக ஒளிர்ந்தது. இதன் காரணத்தை 1852ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் விளக்கினார். ஊதாவுக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளியைக் கொயினா உறிஞ்சி, அதனைக் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக மாற்றி வெளிவிடுகின்றது என்பதே அவ்விளக்கம். புளோர்ஸ்பார் என்னும் கனிப்பொருளின் பெயரைக் கொண்டு இந்நிகழ்வுக்குப் புளோரசென்ஸ் எனப் பெயரிட்டவரும் அவரே. தமிழில் இதனை உடனொளிர்வு என்கின்றோம்.

தந்தை கண்ட கதிரும் மைந்தன் கண்ட ஒளிர்வும் நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர் ஒரே கருவியினுள் ஒன்றுசேர்ந்தன. அக்கருவியைப் பற்றியதே இப்பாடம்.

2. உடனொளிர்வு என்றால் என்ன?

சில மூலக்கூறுகள் தம்மீது விழும் ஒளியை உறிஞ்சும்போது அவற்றின் இலத்திரன்கள் உயர்ந்த சக்தி நிலைக்கு ஏறுகின்றன. அங்கே அவை நெடுநேரம் தங்குவதில்லை. ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு அல்லது சில பங்கு காலத்துள் கீழே இறங்கி, பெற்ற சக்தியை மீண்டும் ஒளியாக வெளிவிடுகின்றன. அதனாலேயே இது உடனொளிர்வு எனப்பட்டது.

உரலில் இட்ட நெல் முழுவதும் அரிசியாக வருவதில்லை. உமி நீங்கிய எடையே எமக்குக் கிடைக்கின்றது. அதுபோலவே, பெற்ற சக்தியில் ஒரு சிறு பங்கு வெப்பமாகக் கழிய, எஞ்சியதே ஒளியாக வருகின்றது. சக்தி குறைந்தால் அலைநீளம் கூடும். எனவே, வெளிவரும் ஒளியின் அலைநீளம் உட்சென்ற ஒளியின் அலைநீளத்திலும் சற்றுக் கூடுதலாக இருக்கும். இவ்வேறுபாடு ஸ்ரோக்ஸ் பெயர்ச்சி எனப்படும்.

இச்சிறு வேறுபாடே ஆய்வாளருக்குப் பெருந்துணை. பாய்ச்சிய ஒளியைத் தடுத்து, அலைநீளம் கூடிய ஒளியை மட்டும் விடுகின்ற வடிகட்டி ஒன்றைக் கமராவின் முன் வைத்தால், சாயத்திலிருந்து வந்த ஒளி மட்டும் படத்தில் விழும். அரிதட்டு மாவை விட்டுக் கப்பியைத் தடுப்பது போன்றது இச்செயல்.

3. அண்மை அகச்சிவப்பை ஏன் தேர்ந்தனர்?

மாணவர்கள் வீட்டில் எளிய பரிசோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். இருட்டறையில் ரோச் விளக்கொன்றை உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். விளக்கின் ஒளி வெள்ளையாயினும் விரல்களின் ஊடாக வருவது சிவப்பு ஒளியே. நீலம், பச்சை, மஞ்சள் ஆகியவற்றைக் குருதியிலுள்ள ஈமோகுளோபின் பெருமளவில் உறிஞ்சிவிடுகின்றது. அலைநீளம் 650 நானோமீற்றரைத் தாண்டியதும் இவ்வுறிஞ்சல் வெகுவாகக் குறைகின்றது. 900 நானோமீற்றருக்கு அப்பாலோ உடலிலுள்ள நீர் உறிஞ்சத் தொடங்குகின்றது. குருதிக்கும் நீருக்கும் இடையில் இவ்வாறு திறந்திருக்கும் இடைவெளியை உயிரிழையத்தின் ஒளிச் சாளரம் என அறிஞர் அழைப்பர். இச்சாளரத்தின் ஊடாக, மூடிய மண்டையோட்டினுள் இருக்கும் மூளையின் ஒட்சிசன் நிலையையும் கண்காணிக்கலாம் என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் யோப்சிஸ் 1977ஆம் ஆண்டில் காட்டினார்.

இரண்டாவது காரணமும் உண்டு. நீல ஒளியோ பச்சை ஒளியோ பட்டால் தோலும் உணவும் ஆய்வுகூடப் பிளாத்திக்கும் தாமாகவே சிறிது ஒளிரும். பகலில் நட்சத்திரங்கள் மறைவதில்லை. வானம் வெளுத்திருப்பதாலேயே அவை தெரிவதில்லை. அண்மை அகச்சிவப்பில் இத்தன்னொளிர்வு மிகக் குறைவு. வானம் இருண்டிருப்பதால் மங்கிய நட்சத்திரமும் அங்கே தெளிவாகத் தெரியும்.

4. பச்சைச் சாயம் ஒன்றின் கதை

இத்துறையின் மூத்த சாயம் இந்தோசயனின் பச்சை என்பதாகும். புகைப்படச் சுருள்களுக்குப் பெயர்பெற்ற கொடாக் நிறுவனத்தின் ஆய்வுகூடங்களில் உருவான சாயம் அது. மேயோ மருத்துவ நிலையத்தில் 1957ஆம் ஆண்டளவில் இதயத்தின் குருதியோட்டத்தை அளக்க அதனைப் பயன்படுத்தினர். 1959ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை மனிதருக்குப் பயன்படுத்த அனுமதித்தது.

ஊசி மூலம் ஏற்றியதும் இச்சாயம் குருதிப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 800 நானோமீற்றர் ஒளியை உறிஞ்சி, 830 நானோமீற்றர் அளவில் ஒளிரும். ஈரல் அதனைச் சில நிமிடங்களில் குருதியிலிருந்து பிரித்துப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். வெட்டி இணைத்த குடலுக்குக் குருதி போய்ச் சேருகின்றதா, பித்தக் குழாய் எங்கே செல்கின்றது என்பவற்றைச் சத்திரசிகிச்சை நிபுணர் இன்று இச்சாயத்தின் துணையோடு திரையிற் பார்க்கின்றனர். படம் பிடிப்போருக்காகப் பிறந்த சாயம் நோயாளரின் உயிர் காக்கும் சாயமாயிற்று.

5. ஆய்வுகூடத்தில் புரதத்தை அளத்தல்

புதிய மருந்தொன்று உயிர்க்கலத்திலுள்ள ஒரு புரதத்தைக் குறைக்கின்றதா என்று அறிய வேண்டும் என்போம். கலங்களை உடைத்துப் பெற்ற புரதக் கலவையை ஜெல் ஒன்றில் இட்டு மின்சாரம் செலுத்தினால், சிறியவை விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து பட்டை பட்டையாகப் பிரியும். அவற்றை மென்சவ்வொன்றுக்கு மாற்றி, தேடும் புரதத்தை மட்டும் பற்றவல்ல பிறபொருளெதிரியை இடுவர். அதன்மேல் சாயம் பூண்ட இரண்டாவது பிறபொருளெதிரி ஒட்டிக்கொள்ளும். பின்னர் லேசர் ஒளி மென்சவ்வை வரிவரியாக வருட, சாயம் ஒளிரும் இடங்களைக் கருவி எண்ணாகப் பதிவு செய்யும்.

முன்னர் எக்ஸ் கதிர்ப் படத்தாளிலேயே இவற்றைப் பதித்தனர். கறுத்த பட்டை மேலும் கறுக்க இயலாது. எனவே அளவு இருமடங்காயினும் தாள் ஒரே கருமையையே காட்டிற்று. அண்மை அகச்சிவப்புக் கருவிகளில் அளவுக்கும் ஒளிக்கும் உள்ள விகிதம் நெடுந்தூரம் நேராகச் செல்கின்றது. அத்துடன் 700 நானோமீற்றர் அளவில் ஒளிரும் சாயத்தையும் 800 அளவில் ஒளிரும் சாயத்தையும் சேர்த்து, ஒரே மென்சவ்வில் இரு புரதங்களை அளக்கலாம். இதன் பயனை உதாரணக் கணக்கொன்றாற் காண்போம்.

மருந்து இடாத மாதிரி: ஆய்வுப் புரதம் 6000, ஒப்பீட்டுப் புரதம் 3000, விகிதம் 2.
மருந்து இட்ட மாதிரி: ஆய்வுப் புரதம் 6000, ஒப்பீட்டுப் புரதம் 6000, விகிதம் 1.

முதல் எண்ணை மட்டும் பார்த்தால் மருந்து எதையும் செய்யவில்லை என்றே தோன்றும். ஆனால், கலங்கள் அனைத்திலும் மாறாது இருக்கும் ஒப்பீட்டுப் புரதம், இரண்டாவது மாதிரியில் இருமடங்கு கலவை ஊற்றப்பட்டதை வெளிப்படுத்துகின்றது. உண்மையில் மருந்து அப்புரதத்தைப் பாதியாகக் குறைத்துள்ளது.

6. சுண்டெலியின் உணவும் உயிரும்

உயிருள்ள சுண்டெலியின் உடலிற் புற்றுநோய் வளர்வதையும் இவ்வொளியாற் காணலாம். ஆரம்பத்தில் ஆய்வாளர் எதிர்கொண்ட இடையூறு விந்தையானது: சாயம் ஏற்றாத எலியின் வயிறும் ஒளிர்ந்தது. எலிகளின் உணவில் அல்பால்பா என்னும் தீவனப் பயிர் சேர்க்கப்பட்டிருந்தது. தமிழகத்தில் இதனைக் குதிரைமசால் என்பர். அதிலுள்ள பச்சையமே குடலிற் சிவப்பாக ஒளிர்ந்தது. ஆகவே, இத்தகைய ஆய்வுகளில் அப்பயிர் சேராத தூய உணவைச் சில நாட்கள் முன்னதாகவே கொடுக்கின்றனர்.

1999ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனையின் ரால்ஃப் வைஸ்லெடரும் குழுவினரும் நுட்பமான சாயமொன்றை அறிவித்தனர். அதில் ஒளிரும் மூலக்கூறுகள் ஒரே சங்கிலியில் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. நெருங்கியிருக்கும்போது ஒன்றின் ஒளியை மற்றொன்று அடக்கிவிடும். புற்றுநோய்க் கலங்களில் மிகுந்துள்ள நொதியம் அச்சங்கிலியை வெட்டியதும் அவை விடுபட்டு ஒளிர்ந்தன. நோய் தன் செயலாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது.

இம்முறையில் அறம் சார்ந்த நன்மையும் உண்டு. முன்னர் முதல் வாரம் சில எலிகள், இரண்டாம் வாரம் வேறு சில எலிகள் எனக் கொன்று பார்க்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே எலியைப் பல வாரங்கள் தொடர்ந்து பார்க்கலாம். விலங்குகளின் எண்ணிக்கையையும் துன்பத்தையும் குறைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டில் ரசலும் பேர்ச்சும் எழுதிய நெறிக்கு இது இசைந்ததாகும்.

7. கத்தியின் முனையில் ஒரு கேள்வி

புற்றுநோய்க் கட்டியை அகற்றும் நிபுணர் எங்கே நிறுத்துவது? சிறிது எஞ்சினால் நோய் மீண்டும் வளரலாம். மிகுதியாக வெட்டினால் நல்ல உறுப்பு பழுதாகும். கண்ணும் விரலுமே நெடுங்காலம் அவருக்கு வழிகாட்டின. சூலகப் புற்றுநோய்க் கலங்களுட் பலவற்றின் மேற்பரப்பில் போலேற்று என்னும் உயிர்ச்சத்தைப் பற்றும் ஏற்பிகள் மிகுந்திருக்கும். போலேற்றை ஒத்த மூலக்கூற்றோடு அண்மை அகச்சிவப்புச் சாயத்தைப் பிணைத்து உருவாக்கிய பபோலாசயனின் என்னும் மருந்தை 2021ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதித்தது. 2022இல் நுரையீரற் சத்திரசிகிச்சைக்கும் அனுமதி கிடைத்தது. கண்ணுக்குத் தப்பிய சிறு கட்டிகளும் திரையில் ஒளிரக்கூடும்.

8. தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது எமது முன்னோர் வாக்கு. இத்துறைக்கு அது மிகவும் பொருந்தும். ஒளிர்வதெல்லாம் நோய் அன்று. நலமுள்ள திசுவிலும் சாயம் சேரலாம். ஒளிராததெல்லாம் நலமும் அன்று. ஒளி திசுவிற் சிதறுவதால், ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் கீழே உள்ளது மங்கி மறையலாம். பாலில் விழுந்த நாணயம் தெரியாதது போன்றது இது. மேலும், ஒளி படப்படச் சில சாயங்கள் வெளிறிவிடும்.

ஆதலால், நல்ல ஆய்வாளர் எப்போதும் கட்டுப்பாட்டுப் பரிசோதனைகளைச் செய்வர். சாயம் இடாத மாதிரி ஒன்று, இலக்கைப் பற்றாத சாயம் இட்ட மாதிரி ஒன்று, விடை முன்னரே தெரிந்த மாதிரி ஒன்று ஆகியவற்றை அருகில் வைத்துப் பார்ப்பர். அழகிய படம் ஒன்றை மட்டும் நம்பி எழுதிய முடிவு, பின்னொரு நாள் நோயாளர் ஒருவரைத் தவறான வழியில் இட்டுச் செல்லலாம். படத்தின் அழகை விட அதன் நேர்மையே பெரிது.

முடிவுரை

எம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டும் என்பது பெற்றோர் பலரின் விருப்பம். அது நல்விருப்பமே. ஆயினும் மருத்துவரின் கைக்கு இவ்வொளியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் வானியலாளர், சாயம் செய்தோர், இரசாயனவியலாளர், கருவி செய்த பொறியியலாளர் எனப் பலர் உளர் என்பதை மறத்தல் ஆகாது. பிள்ளையின் நாட்டம் எத்துறையிற் செல்லினும் அதனை ஊக்குவித்தல் எமது கடன். கற்றதைத் தமிழிலும் எடுத்துச் சொல்லப் பழகினால், அவ்வறிவு பாட்டன் பாட்டியரையும் சென்றடையும்.

பயிற்சி

1. தொலைக்காட்சியின் தொலைஇயக்கியை அழுத்தியவாறு அதன் முனையைக் கைத்தொலைபேசிக் கமராவினூடாகப் பாருங்கள். சில கமராக்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளி தெரியும். அது எவ்வகை ஒளி?
2. ரொனிக் பானத்தில் கொயினா உண்டு. கழியூதா விளக்கின் கீழ் அது எந்நிறத்தில் ஒளிரும்? பெரியவர் துணையோடு செய்து பாருங்கள். விளக்கை நேரே பார்க்க வேண்டாம்.
3. மருந்து இடாத மாதிரியில் ஆய்வுப் புரதம் 4500, ஒப்பீட்டுப் புரதம் 2500. மருந்து இட்டதில் இரண்டும் 3500. ஒவ்வோர் எண்ணிலும் பின்னணி ஒளி 500 சேர்ந்துள்ளது. அதனைக் கழித்து இரு விகிதங்களையும் காண்க.
4. சாயம் ஏற்றாத எலியையும் படம் பிடிப்பது ஏன்? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

அருஞ்சொற்கள்

அரியம் – ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடித் துண்டு
நொதியம் – உயிரினுள் இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் புரதம்
பிறபொருளெதிரி – குறித்த ஒரு பொருளை மட்டும் பற்றும் புரதம்
தன்னொளிர்வு – சாயம் இடாமலே திசு ஒளிர்தல்
ஏற்பி – கலத்தின் மேற்பரப்பில் குறித்த மூலக்கூற்றை ஏற்கும் புரதம்